உப்புப் பார்த்தவள்

சி ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தின்
சாப்பாட்டுக் கொட்டகையில்
ஸ்கேன் இயந்திரத்தை இறக்கி வைத்திருக்கிறார்கள்.
எண் எழுதிய அட்டைகள்,
கொசு விரட்டும் மின்விசிறி,
கறுப்புத் துணியில் ஒரு மறைப்பு.
உள்ளே இருப்பவள் பெயர் நோய்.
பயப்பட வேண்டாம்;
இசான் பேச்சில் அதற்குச் சின்னவள் என்று பொருள்.

எண் பதினேழு, கம்பாய்.
நாற்பது வருடமாகப் பச்சை மீன் தின்றவர்.
கெண்டைக் குஞ்சைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து,
வறுத்த அரிசிப் பொடியும் மிளகாயும் தூவி,
செவ்வெறும்பு முட்டை கிடைத்தால் அதுவும்.
"சாறு பட்டதும் சதை வெளுக்கிறதே,
அது வெந்த மாதிரிதானே?"
"வெளுக்கும். வேகாது" என்கிறாள் நோய்,
வயிற்றில் கூழைத் தடவியபடி.

திரையில் அவர் ஈரல்
மழை நின்ற இரவின் வயல் போலச் சீரான சாம்பல்.
குழாய்கள் இருக்க வேண்டிய இடத்தில்,
இருக்க வேண்டிய ஒல்லியில்.
ஒன்றுமில்லை.
பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு
வெளியே போய்ச் சத்தமாகச் சிரிக்கிறார்.

அந்தக் குழாய்களின் உட்சுவரில்
தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும் செல்களைத்
திரை காட்டாது.
ஈரலில் நூற்றுக்கு ஐந்து பேர் இருந்தால் அதிகம்.
ஆளுக்கு ஒரே ஒரு மயிர்,
ஓடும் பித்தத்துக்குள் நீட்டியபடி:
வேகம் என்ன, அடர்த்தி என்ன, இன்றைக்கு என்ன கசப்பு
என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஒற்றைக் காது.
பித்தம் ஒரு சவர்க்காரம். கொழுப்பைக் கரைக்கும்,
விட்டால் வீட்டையும் கரைக்கும்.
சோறு இறங்கிய சேதி குடலிலிருந்து வந்ததும்
இவர்கள் காரநீர் சுரந்து
தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.
குடைக்குக் கீழே இருந்தே ஆற்றை ஓட்டுகிறார்கள்.
பித்தம் தலைக்கேறியவனுக்கு நம்மிடம் பெயர் உண்டு.
ஏறாமல் பார்த்துக்கொள்பவர்களுக்கு
ஒரு பெயரும் வைக்கவில்லை.

எண் பதினெட்டு, புன்லுவா.
கம்பாயின் மனைவி. துணைக்கு வந்தவள்,
அட்டை மீந்ததால் படுத்தவள்.
ஆண்கள் சாராயத்தோடு வட்டமிடும் பாயில்
ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.
"நான் பச்சை மீன் தின்பதில்லை" என்கிறாள்.
உண்மைதான்.
மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி
நோய் கருவியைச் சாய்க்கிறாள்.
குழாய்களின் ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கோடுகள்.
ஒரு கிளையில் கோடு தடித்து,
அதற்கு மேல் வாய்க்கால் அகன்று,
தடித்த இடத்தில் வடிவில்லாத ஒரு மங்கல்.
மறுபடி சாய்க்கிறாள்.
மறுபடி அதே மங்கல்.

"சமைப்பது யார்?"
"நான்தான்."
"உப்பு?"
புன்லுவா தன் ஆட்காட்டி விரலைப் பார்க்கிறாள்.

நுனியளவு. ஒவ்வொரு தடவையும்.
அந்த நுனியில் ஏறி வந்தவை
நெல்லை நசுக்கினாற்போன்ற தட்டைப் புழுக்களாய் வளர்ந்து
சுவரைக் கவ்விக் குடியிருந்தன.
கவ்விய இடம் புண்ணாயிற்று.
புண்ணில் ஒரு மருந்தையும் உமிழ்ந்தன.
விஷம் என்று எழுதத்தான் கை வருகிறது; ஆனால் மருந்தேதான்,
வளர், மூடு, இன்னும் வளர் என்று சொல்லும் ஒரு புரதம்.
செல்கள் சொன்னதைக் கேட்டார்கள். மூடினார்கள்.
கிழிந்தது. மூடினார்கள்.
மூடி மூடிப் பழகியதில்
நிறுத்துவது எப்போது என்பது மறந்துபோயிற்று.
காதுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
ஆறு ஓடுகிறதா என்று
அங்கே இப்போது யாரும் கேட்பதில்லை.

"கோன் கேன் வரை வர வேண்டும் அக்கா,
பெரிய படம் எடுக்க. இந்த வாரமே."
"அறுப்பு இருக்கிறது."
"இந்த வாரமே."
கூழைத் தானே துடைத்துக்கொண்டு
காகிதத்தை நான்காக மடிக்கிறாள் புன்லுவா.
"அவருக்கு?"
"அவருக்கு ஒன்றுமில்லை."
ஒரு நொடி,
முகத்தில் கலப்படமில்லாத நிம்மதி.

மறைப்புக்கு வெளியே
கம்பாய் யாரிடமோ மீன் விலை விசாரிக்கிறார்.
இடது கையில் அவள் செருப்பு,
மண்ணைத் தட்டி, ஜோடி சேர்த்து,
அவள் வந்ததும் போட்டுக்கொள்ளத் தோதாக.